பிக் பிரேக்பாஸ்ட் பார்த்த காலைகளும் எங்கள் வீட்டுக்கு வந்த பேச்சு ஆங்கிலமும்

பிரித்தானியாவில் பிறந்து வளர்ந்த தமிழ் இளையவர்களிடம் சனல் 4 என்று சொன்னால், இலங்கைப் போரின் இறுதிக் கட்டம் குறித்து 2011 இல் அது ஒளிபரப்பிய ஆவணப்படமே முதலில் நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கோ அந்தத் தொலைக்காட்சி அதற்கு வெகு முன்பே, காலை ஏழு மணிக்கு, பெருஞ்சத்தத்துடனும் சிரிப்புடனும் அறிமுகமாகியிருந்தது. ‘த பிக் பிரேக்பாஸ்ட்’ என்ற அந்த நேரடி நிகழ்ச்சி 1992 செப்டெம்பர் 28 இல் தொடங்கி 2002 மார்ச் 29 வரை, வார நாள்களில் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பேச்சு ஆங்கிலம் குடியேறியது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். அண்மைக் காலத்தில் லண்டனுக்கு வந்திருக்கும் பலர், படித்த ஆங்கிலம் போதிய அளவு இருந்தும், எதிரில் நிற்பவர் வேகமாகப் பேசத் தொடங்கியவுடன் திகைத்துப் போவதை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதற்காகவே அந்தக் காலைகளை விரிவாக எழுதி வைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சி வழக்கமான கலையகத்திலிருந்து வரவில்லை. கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்போர்டுக்கு அண்மையில், லீ ஆற்றுக் கால்வாயின் ஓல்ட் போர்ட் என்னுமிடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்று உள்ளது. அந்த மதகைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள் முற்காலத்தில் குடியிருந்த சிறு வீடுகளை ஒன்றாக்கி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் பூசி, அந்த வீட்டின் சமையலறை, குளியலறை, படுக்கையறை, தோட்டம் எல்லாவற்றிலிருந்தும் நேரடியாக ஒளிபரப்பினார்கள். பொப் கெல்டொவ், சார்லி பார்சன்ஸ், வஹீட் அலி ஆகியோரின் ‘பிளனெட் 24’ நிறுவனம் அதனைத் தயாரித்தது. கிறிஸ் எவன்ஸும் காபி ரோஸ்லினும் முதல் தொகுப்பாளர்கள். போலா யேட்ஸ் ஒரு கட்டிலில் சாய்ந்திருந்து பிரபலங்களைப் பேட்டி கண்டார். அயர்லாந்துத் தேசியத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே புகழ் பெற்றிருந்த ஸிக், ஸாக் என்ற இரண்டு பொம்மைகள் குளியலறையில் இருந்துகொண்டு ஓயாமல் கதைத்தன. ஒவ்வொரு கிழமையும் சாதாரணக் குடும்பம் ஒன்று அந்த வீட்டுக்கு விருந்தாக வந்து நிகழ்ச்சியில் பங்குபற்றியது. ஒளிப்பதிவாளர்களும் பணியாளர்களும் சிரிப்பது வெளிப்படையாகவே கேட்கும். சில வேளைகளில் அவர்களே திரையில் தோன்றுவார்கள். மறைக்க வேண்டியதென்று எதையும் அவர்கள் கருதவில்லை. மொழி பழகுபவனுக்கு இந்த வெளிப்படைத்தன்மையே அதன் பெருஞ்சிறப்பாக அமைந்தது.

அக்காலத்தில் பிரித்தானியாவில் சாதாரண அன்ரனாவில் நான்கு அலைவரிசைகள் மட்டுமே கிடைத்தன. சனல் 5 வந்தது 1997 இல்தான். காலை நேரத் தொலைக்காட்சியே 1983 இல்தான் இங்கு தொடங்கியிருந்தது. பிபிசியில் காலைச் செய்திகள் இருந்தன. ஐரிவியில் அதுவரை வந்த ‘ரிவி-ஏஎம்’ 1992 இறுதியில் உரிமத்தை இழந்து விடைபெற, அடுத்த நாளே ‘ஜிஎம்ரிவி’ தொடங்கியது. சனல் 4 அதற்கு முன் காலையில் ‘சனல் ஃபோர் டெய்லி’ என்ற செய்தி நிகழ்ச்சியைத்தான் ஒளிபரப்பி வந்தது. செய்தி வாசிப்பவரின் ஆங்கிலம் எங்களுக்கு ஓரளவு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வானொலியிலும் பாடசாலையிலும் கேட்டுப் பழகிய ஆங்கிலத்துக்கு அது மிக அருகில் இருந்தது. வெளியே தெருவில் கேட்ட ஆங்கிலம் வேறு, வேலையிடத்தில் கேட்ட ஆங்கிலம் அதைவிட வேறு.

நான் அப்போது கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் ஹாமில் அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் இருந்தேன். புகலிடம் கோரியவர்களுக்கு அந்நாள்களில் ஆறு மாதங்களின் பின்னர் வேலை அனுமதி கிடைத்தது. (2002 இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள், இன்று வருபவர்களின் நிலை இந்த வகையில் எங்களுடையதைவிட மிகக் கடினமானது என்பதை மறக்கக்கூடாது.) அனுமதி கிடைத்தவுடன், எங்கள் ஆள்களில் மிகப் பலரைப் போல நானும் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலைக்குப் போனேன். இரவு பதினொரு மணியளவில் கதவைப் பூட்டிவிட்டுத் தடித்த கண்ணாடி யன்னலின் ஊடாகத்தான் வியாபாரம். வாடிக்கையாளர் சொல்வது சிறியதொரு ஒலிபெருக்கி வழியாகவே உள்ளே வரும். மழை, வாகன இரைச்சல், அந்த ஒலிபெருக்கியின் கரகரப்பு, அதற்கு மேல் கிழக்கு லண்டன்காரர்களின் விழுங்கி விழுங்கிப் பேசும் பழக்கம் எல்லாம் சேர்ந்து, பம்பின் இலக்கத்தையும் தொகையையும் தவிர வேறெதுவும் காதில் தெளிவாக விழாது. ஒருவர் அன்பாகத்தான் ஏதோ கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தால் தெரியும். என்ன கேட்கிறார் என்பது தெரியாது. அந்த நிலையில் ஒரு புன்னகையுடன் மட்டும் நிற்பது மனத்தை மிகவும் களைக்கச் செய்யும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது ஏழு மணி இருக்கும். அத்தான் வேலைக்குப் புறப்பட்டிருப்பார். அக்கா சமையலறையில் நிற்பார். பிள்ளைகளை எழுப்பிப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்வது என் பொறுப்பு. தொலைக்காட்சியைப் போட்டால் பிள்ளைகள் எழுந்து வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துத்தான் முதலில் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கினோம். திரையின் மூலையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்ததால், தலை சீவ எவ்வளவு நேரம், சப்பாத்துப் போட எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதிலேயே நடந்தன. அதில் மொழி கற்கலாம் என்ற எண்ணம் சில கிழமைகள் கழித்துத்தான் வந்தது. ஒரு நாள் இரவு, கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒருவர் சொன்ன ஒரு முழு வாக்கியம் அப்படியே விளங்கியது. சற்றுப் பொறுங்கள், பணப்பை காரில் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. அதே சொற்களை, அதே இழுவையுடன், அன்று காலை கிறிஸ் எவன்ஸ் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஓடியபடி சொல்லக் கேட்டிருந்தேன்.

நேரடி நிகழ்ச்சியில் பேசுபவர்கள் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் விடுவார்கள். திரும்பி வந்து வேறு விதமாகச் சொல்வார்கள். தாம் சொன்னதைத் தாமே திருத்துவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இடையில் புகுவார். விருந்தினர் வரத் தாமதமானால் அதைச் சொல்வார்கள். கருவி வேலை செய்யாவிட்டால் அதையும் சொல்லிக்கொண்டே சமாளிப்பார்கள். எழுதி வைத்து நடிக்கும் நாடகத்தில் இவை எதுவும் இருப்பதில்லை, செய்தியிலும் இல்லை, பாடப்புத்தகத்தின் ஒலிநாடாவில் அறவே இல்லை. மனிதர் உண்மையில் பேசும் விதத்தில், உண்மையான வேகத்தில், ஆனால் சுற்றியிருக்கும் காட்சி பொருளை விளக்கிக்கொண்டிருக்க, நாளும் இரண்டு மணி நேரம் இலவசமாகக் கேட்கக் கிடைத்தது அந்த ஒரு நிகழ்ச்சியில்தான். தொலைக்காட்சி பார்க்க ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணம் அந்த ஆண்டுகளில் எண்பது பவுண் அளவில் இருந்தது. அதனை வீண் செலவென்று முறைப்பட்டவர்களிடம், ஆங்கில வகுப்புக்குக் கட்டும் பணமென்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருந்தது. பிரித்தானியாவின் பல பகுதிகளின் பேச்சுகள் ஒரே வீட்டுக்குள் கேட்டன. எவன்ஸ் வடமேற்கே வாரிங்ரனைச் சேர்ந்தவர். ரோஸ்லின் லண்டன்காரர், மிகத் தெளிவாகப் பேசுபவர். மக்களின் வாசலுக்கே போய்க் கதவைத் தட்டி நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்ட மார்க் லமார் தெற்கே சுவிண்டனில் இருந்து வந்தவர். பொம்மைகள் இரண்டும் டப்ளின் பேச்சுப் பேசின. எவன்ஸ் 1994 இல் விலகிய பின் வந்தவர்களில் மார்க் லிற்றில் அவுஸ்திரேலியர். 1997 இல் ஜொனி வோனுடன் இணைந்த டெனிஸ் வான் அவுட்டன் எசெக்ஸில் உள்ள பசில்டனைச் சேர்ந்தவர்; எங்கள் பெற்றோல் நிலையத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பேசிய விதத்தில்தான் அவர் பேசினார். பின்னர் வந்த லிசா டார்பக் லிவர்பூலில் பிறந்தவர். இதற்குப் புறம்பாக, போட்டிகளுக்காகத் தொலைபேசியில் அழைத்த நேயர்களின் குரல்கள், கிழமைக்கொரு குடும்பமாக வந்தவர்களின் பேச்சுகள். ஸ்கொட்லாந்துக் குடும்பம் வந்த கிழமையில் எங்களுக்கு அநேகமாக ஒன்றும் விளங்காது; வெள்ளிக்கிழமை ஆகும்போது பாதி விளங்கும். ஒரே குரலை ஐந்து நாள் தொடர்ந்து கேட்டால் காது பழகிவிடுகிறது என்பதை அந்தக் குடும்பங்களை வைத்துத்தான் அறிந்துகொண்டேன். புதிய உச்சரிப்பு ஒன்று விளங்கவில்லை என்று இன்று யாராவது சொன்னால், பலரைக் கேட்காமல் அந்த ஊர்க்காரர் ஒருவரையே ஒரு கிழமை கேளுங்கள் என்று சொல்வது அந்த அனுபவத்தில் இருந்துதான்.

நாங்கள் கைக்கொண்ட முறை மிக எளிமையானது. பார்க்கும்போது எதையும் எழுதுவதில்லை, ஏனென்றால் எழுதக் குனிந்தால் அடுத்த பேச்சுத் தவறிவிடும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின்னர் அக்காவும் நானும் தேநீருடன் இருந்து, காதில் தங்கிய ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றே ஒன்று. அக்கா அதைத் தமிழ் எழுத்தில், கேட்டபடியே, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அன்றைய தாளில் எழுதுவார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதினால் நாக்கு பழைய பாடசாலை உச்சரிப்புக்குத் திரும்பிவிடுகிறது. தமிழில் எழுதினால் கேட்ட ஒலி அப்படியே நிற்கிறது. ‘யூ ஆல்ரைட்’, ‘ஹாங் ஒன்’, ‘டெல் யூ வாட்’ போன்றவை எல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. பிறகு அதைச் சத்தமாக, தொகுப்பாளர் சொன்ன வேகத்திலேயே, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொல்வோம். மெதுவாகச் சொல்லிப் பழகி வேகத்தைக் கூட்டும் முறை எங்களுக்குப் பலன் தரவில்லை. வேகம்தான் அந்தப் பேச்சின் வடிவமே. கடைசியாக, அன்றைய நாளுக்குள் அந்த வாக்கியத்தை யாரிடமாவது பயன்படுத்திவிட வேண்டும். எனக்குக் கண்ணாடி யன்னல் இருந்தது. அக்காவுக்குப் பாடசாலை வாசலில் நிற்கும் மற்றத் தாய்மார் இருந்தார்கள். பயன்படுத்தாத வாக்கியம் அடுத்த கிழமைக்குள் மறந்துபோனது. ஒரு தடவையாவது ஒருவரிடம் சொல்லிப் பதில் பெற்ற வாக்கியம் இன்றும் நாக்கில் இருக்கிறது.

காபி ரோஸ்லினிடமிருந்து நான் கற்றது சொற்களைவிடக் கேள்வி கேட்கும் முறையை. அவர் சிறிய கேள்வியாகக் கேட்பார், பதிலை முழுவதும் கேட்பார், அந்தப் பதிலில் இருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கு இது பெரிய உதவி. எதிரில் இருப்பவர் தந்த சொல்லையே எடுத்துத் திருப்பிக் கேட்டால் புதிய சொல் தேட வேண்டியதில்லை. ஒருவர் இன்று மகளைப் பார்க்கப் போகிறேன் என்றால், மகள் எங்கே இருக்கிறார் என்று கேட்கலாம். அதற்கு மேல் அவரே பேசிக்கொள்வார். இரவு வேலையில் என்னுடன் கதைத்துவிட்டுப் போகும் வழக்கமான வாடிக்கையாளர்கள் பலர் உருவானது அப்படித்தான். வெஸ்ட் ஹாம் கழகம் விளையாடும் நாள்களில் அவர்கள் சொன்ன உதைபந்தாட்டக் கதைகளைக் கேட்டே எனக்கு அந்தக் கழகத்தின் மீது பற்று வந்தது.

இன்னொன்று, காத்திருப்பை வாயால் நிரப்பும் பழக்கம். நேரடி நிகழ்ச்சியில் ஏதாவது தாமதமானால் தொகுப்பாளர் மௌனமாக நிற்பதில்லை. என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நம்மவர்கள் வேலையில் மிகக் கவனமாக இருப்போம், ஆனால் வாய் திறக்கமாட்டோம். அட்டையைத் தேய்க்கும் இயந்திரம் தாமதித்தால் தலையைக் குனிந்து அதனுடன் போராடிக்கொண்டிருப்போம். வெளியே நிற்பவருக்கு நாம் அவரை மதிக்கவில்லை என்று தோன்றும். இயந்திரம் இன்று கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, ஒரு நிமிடம் தாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிலைமை முழுவதும் மாறிவிடுகிறது. கடையிலோ, பராமரிப்பு இல்லத்திலோ, வாடகை வாகனத்திலோ வேலை செய்யும் எவருக்கும் இதை நான் முதலில் சொல்வேன்.

அந்த நிகழ்ச்சியில் இருந்து எடுக்கக்கூடாதவையும் இருந்தன. எவன்ஸின் பகிடிகள், எதிரில் இருப்பவரைச் சீண்டும் பேச்சு, விருந்தினரின் பேச்சை வெட்டும் துணிவு ஆகியவை அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் இடையே இருந்த நெருக்கத்தில் பிறந்தவை. புதிதாக வந்த ஒருவர் அவற்றை மேலாளரிடமோ முதியவரிடமோ பயன்படுத்தினால் கேட்பவருக்கு மரியாதைக் குறைவாகவே படும். ஆகவே அக்காவுக்கும் எனக்கும் இடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ரோஸ்லினும், செய்தி வாசித்த பீற்றர் ஸ்மித்தும், வந்த குடும்பங்களும் சொல்வது வாயால் சொல்லிப் பழக; எவன்ஸும் லமாரும் சொல்வது விளங்கிக்கொள்ள மட்டும். எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் பேச வேண்டியதில்லை என்ற இந்தப் பிரிப்பு மொழி பழகும் எவருக்கும் அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகள் விடயத்தில் எங்கள் சுற்றத்தார் சிலர் கவலைப்பட்டார்கள். விடியற்காலையிலேயே இவ்வளவு கூச்சலா, கட்டிலில் இருந்து பேட்டியா, இது எந்த வகைப் பழக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. சில பகுதிகள் பெரியவர்களுக்கானவையே. அதற்காகத் தொலைக்காட்சியை நிறுத்தாமல், பிள்ளைகளைத் தனியே விடாமல் கூட இருந்து பார்ப்பது, பொருத்தமற்ற பகுதி வரும்போது பல் விளக்க அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். இதைவிடப் பெரிய அச்சம் வேறு. மருமகனும் மருமகளும் மிக விரைவாக ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொம்மைகளின் டப்ளின் உச்சரிப்பில்கூட என் மருமகன் பேசிக் காட்டுவான். தமிழ் வீட்டை விட்டுப் போய்விடுமோ என்று அக்கா உள்ளூரக் கலங்கினார்.

அதற்கு விடை எங்கள் அம்மாவின் வடிவில் வந்தது. அவர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது லண்டனில் தமிழ்த் தொலைக்காட்சி எதுவும் இல்லை. பிபிசி தமிழோசை வானொலியும், தமிழ்க் கடைகளில் வாடகைக்கு எடுக்கும் படக் கசெற்றுகளும்தான் இருந்தன. காலையில் அந்த நிறம் நிறமான வீட்டையும் பொம்மைகளையும் அவர் ஆவலுடன் பார்ப்பார், ஆனால் ஒரு சொல்லும் விளங்காது.

“உந்தப் பொம்மையள் ரெண்டும் இண்டைக்கு என்னவாம்?” என்று பிள்ளைகளைக் கேட்பார்.

“அம்மம்மா, பெரிசு சொல்லுது, சின்னன் தன்ர சாப்பாட்டை எடுத்துப் போட்டுதாம்.”

“அதுக்குச் சின்னன் என்ன சொல்லுது?”

இப்படியே போகும். முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன பிள்ளைகள், அம்மாவின் தொடர் கேள்விகளால் முழு வாக்கியத்துக்கு வந்தார்கள். பகிடி ஒன்றைத் தமிழில் சொன்னால் அம்மம்மா சிரிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது. அதற்காகவே புதிய தமிழ்ச் சொற்களை அக்காவிடம் கேட்டுக் கற்றார்கள். நாங்கள் அதை வீட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். பார்ப்பது ஆங்கிலத்தில், சொல்வது தமிழில். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை எழுத்தையும் வாசிப்பையும் தந்தது. பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் திறனைத் தந்தது இந்தக் காலை வழக்கம்தான். இருவருக்கும் இன்று நாற்பது வயதை நெருங்குகிறது. இருவரும் தமிழில் தடையின்றிக் கதைக்கிறார்கள். புலம்பெயர் நாட்டில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி இதுவே. பிள்ளை பார்க்கும் ஆங்கில நிகழ்ச்சியைத் தடுக்காமல், அது விளங்காத தமிழர் ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். பாட்டி இல்லாவிட்டால் தொலைபேசியில் ஊரில் உள்ள ஒருவரிடம் சொல்லச் செய்யலாம்.

காணொளிப் பதிவுக் கருவி வாங்கும் வரை, சாதாரண ஒலிநாடாக் கருவியைத் தொலைக்காட்சிக்கு முன் வைத்து சில பகுதிகளைப் பதிவு செய்தேன். இரவு வேலையில் ஆள்கள் வராத நேரத்தில் கேட்பதற்காக. பின்னர் மூன்று மணி நேரம் பதியக்கூடிய விஎச்எஸ் கசெற்றுகளில், நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலில் அச்சிடப்படும் வீடியோ பிளஸ் இலக்கத்தைக் கருவியில் கொடுத்து முழு நிகழ்ச்சியையும் பதிந்தோம். அண்மையில் இவற்றை எல்லாம் எண்ணிம வடிவுக்கு மாற்றியபோது, படத்துடன் இருந்த கசெற்றுகளைவிட அந்தப் பழைய ஒலிநாடாக்களே எங்களுக்கு விலைமதிப்பற்றவையாக இருந்தன. தொகுப்பாளர்களின் குரலுடன் சேர்ந்து, தேநீர்க் கேத்தல் கொதிக்கும் சத்தம், அக்கா பிள்ளைகளை அவசரப்படுத்துவது, அம்மாவின் கேள்விகள் எல்லாம் அவற்றில் பதிந்திருக்கின்றன. அம்மா இப்போது எங்களுடன் இல்லை; அவருடைய அன்றாடப் பேச்சு எங்களிடம் இருப்பது அந்த நாடாக்களில் மட்டும்தான்.

வீட்டில் இப்படிப்பட்ட கசெற்றுகள் வைத்திருப்பவர்கள் இனியும் காலம் தாழ்த்த வேண்டாம். காந்த நாடா காலப்போக்கில் தானாகவே பழுதடையும். விஎச்எஸ் கசெற்றுகளை ஓட்டும் கருவிகளும் இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. கசெற்றைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி, ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள். நீண்ட காலம் ஓடாத நாடாவை, கருவியில் இட்டதும் முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிய பிறகே இயக்குங்கள். நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் கருவிக்குள் போடவே வேண்டாம், அது கருவியையும் மற்ற நாடாக்களையும் கெடுத்துவிடும். அதைத் தொழில் அறிந்தவரிடம் கொடுங்கள். மாற்றிய கோப்புகளை இரண்டு வேறு இடங்களில் வைத்து, ஆண்டையும் குரல்களுக்கு உரியவர்களின் பெயர்களையும் உடனே குறித்து வையுங்கள். குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் எப்போதும் இருக்கமாட்டார்கள்.

நிகழ்ச்சியின் பிற்காலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. எவன்ஸ் போன பின் பார்வையாளர் குறைந்தார்கள். வோனும் வான் அவுட்டனும் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். என் பார்வையில் அவர்களின் காலம் தொடக்க காலத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. 2001 தொடக்கத்தில் இருவரும் விலகிய பின்னர் அது நிமிரவில்லை. 2002 இல் அதன் இடத்துக்கு வந்த ‘ரைஸ்’ என்ற நிகழ்ச்சியும் அடுத்த ஆண்டின் இறுதியுடன் நின்றுவிட்டது. 2021 இல் பிக் பிரேக்பாஸ்ட் ஒரு நாளுக்கும், 2022 இல் சில சனிக்கிழமைகளுக்கும் திரும்பி வந்தது. மோ கில்லிகனும் ஏஜே ஒடுடுவும் மிக மகிழ்ச்சியாக நடத்தினார்கள். மதகடி வீடு இன்றும் நிற்கிறது. ஹக்னி விக் நிலையத்தில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு நடந்தால் பார்க்கலாம். அதற்கு அண்மையில் 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்குக் கட்டிய அரங்கு உள்ளது. 2016 முதல் வெஸ்ட் ஹாம் கழகத்தின் தாயகம் அதுதான்.

இப்போது வார இறுதிகளில், புதிதாக வந்தவர்கள் சிலருடன் இருந்து பேச்சு ஆங்கிலம் பழகுகிறோம். ஊரிலிருந்து நேரே வந்தவர்களும், ஜேர்மனியிலும் பிரான்சிலும் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு இங்கே வந்தவர்களும் அவர்களில் உண்டு. கைத்தொலைபேசியில் மொழி கற்பிக்கும் செயலிகளை அவர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். சொல்வளத்துக்கு அவை நல்லவை, ஆனால் அவற்றின் குரல் ஒருபோதும் தடுமாறுவதில்லை. ஆகவே நேரடியாக வருவதைக் கேளுங்கள் என்கிறேன். பிபிசியின் காலை நிகழ்ச்சி 2012 முதல் சல்போர்டில் இருந்து வருவதால் வட இங்கிலாந்துப் பேச்சையும் கேட்கலாம். ஐரிவியில் 1988 முதல் வரும் ‘திஸ் மோர்னிங்’ நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தம் சிக்கல்களைச் சொல்லும் பகுதி மிகச் சிறந்த பயிற்சி, ஏனென்றால் முகம் தெரியாத குரலை விளங்கிக்கொள்வதே எல்லோருக்கும் கடினம். பத்து நிமிடம் போதும், ஆனால் நாளும் அதே நேரத்தில். முதலில் வசன வரிகள் இல்லாமல் கேட்க வேண்டும். நேரடி நிகழ்ச்சியின் வசன வரிகள் சில விநாடிகள் பிந்தி வருவதுடன் சொற்களையும் மாற்றிப் போடும். அவற்றை நம்பிக் கேட்டால் காதும் கண்ணும் ஒன்றையொன்று குழப்பும். கேட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடம்தான் விளங்காத இடம், அதை மட்டும் மீண்டும் கேட்டால் போதும்.

இத்தாலியில் இருந்து பிள்ளைகளுடன் வந்திருக்கும் ஒரு தங்கை கடந்த சில மாதங்களாக இப்படிச் செய்து வருகிறார். குடும்ப வைத்தியரிடம் நேரம் கேட்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுப்பது அவருக்குப் பெரும் பயமாக இருந்தது. மகளை எடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். சென்ற கிழமை தானே எடுத்தார். வரவேற்பாளர் வேகமாகப் பேசியபோது, தொலைக்காட்சியில் அழைத்த ஒரு நேயர் சொல்லக் கேட்ட வாக்கியத்தையே சொல்லி, மீண்டும் ஒரு தடவை சொல்லச் செய்து, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். அடுத்து, மகனின் ஆசிரியரைச் சந்திக்கும் நாளுக்காக, பதிலில் இருந்தே அடுத்த கேள்வியை எடுக்கும் ரோஸ்லினின் முறையை அவருடன் பழகிக்கொண்டிருக்கிறோம்.